சல்லடையில் கூடிய பவுடர்

கணையத்தைப் பற்றி நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இரைப்பையை வரைந்து, அதற்குக் கீழே ஒரு மிளகாய் படுத்திருப்பதுபோல் கணையத்தை வரைவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த மிளகாய் எனக்குள்ளும் இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தவள், ஆயிஷா பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு நெல்லித்தோப்பு வீட்டில் இருந்தேன்.

உடம்பு தேறியதிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்கிறார்கள். யாருக்காவது ஆஸ்பத்திரியில் புரதப் பவுடர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். "எப்படிக் குடிச்சே, எவ்வளவு போட்டே, ஒடம்பு ஏறுச்சா" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது எதையாவது விட்டுவிட்டேனோ என்று போனை வைத்த பிறகு சந்தேகம் வரும். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

வலி ஒரு மதியத்தில் வந்தது. எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். தெரு ஒரு நீண்ட மூச்சு விட்டுத் தூங்கிப்போகும். ஆயிஷாவுக்குப் பால் கொடுத்தபடி நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மேல்வயிற்றில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வாயு என்று நினைத்தேன். அந்த விரல் முதுகு வரை துளைத்துக்கொண்டு போனபோதும், பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் இருந்தேன். அவள் தூங்கியதும் அவளைக் கீழே கிடத்திவிட்டு, பக்கத்திலேயே சுருண்டுகொண்டேன். என் கணவர் ஜாகிர் கடையிலிருந்து ஓடி வந்தபோது நான் பேசும் நிலையில் இல்லை என்று பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள் இருந்திருக்கின்றன. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது வருவது உண்டாம். அதில் ஒன்று நழுவி, கணையத்தின் சாறு வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. சோற்றையும் கறியையும் கரைக்க வேண்டிய சாறு வெளியேற முடியாமல் கணையத்தையே கரைக்கத் தொடங்கியிருக்கிறது. கல் தானாகவே நகர்ந்துவிட்டது, ஆனால் வீக்கம் வற்ற வேண்டும். அதுவரை வாய் வழியாக எதுவும் கிடையாது, தண்ணீர்கூட. பிறகு உடம்பில் தெம்பு ஏற்றிக்கொண்டு, பித்தப்பையை எடுத்துவிட வேண்டும்.

அந்த முதல் நாட்கள் எனக்குத் தொடர்ச்சியாக நினைவில் இல்லை. வலிக்குப் போட்ட ஊசி என்னைப் படுக்கையிலிருந்து மெதுவாகத் தூக்கி, மின்விசிறிக்குப் பக்கத்தில் மிதக்க விட்டது. தாழ்வாரத்தில் யாரோ டிபன் கேரியரைத் திறப்பார்கள். ரசத்தின் வாசனை அறைக்குள் வந்து என் பக்கத்தில் உட்காரும். அதோடு நான் பேசிக்கொண்டிருப்பேன். எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும், அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். திடீரென்று மார்பு நனைந்திருக்கும். வீட்டில் ஆயிஷா அழுதிருப்பாள் என்று அப்போது நம்பினேன். இப்போதும் முழுதாக நம்பாமல் இல்லை.

ஜாகிர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, என் உதட்டில் ஒற்றுவார். துணிக்கடைக்காரர், திரைச்சீலையின் விளிம்பைத் தடவுவதுபோல் அவ்வளவு மெதுவாகத் தொடுவார்.

"ஆயிஷு சாப்டாளா?"

"ரெண்டு இட்லி. மூணாவது இட்லிய தலையில வெச்சிகிட்டா."

"பொய் சொல்லாதீங்க."

"அல்லா மேல சத்தியமா. அம்மாதான் தலைய தொடச்சி விட்டாங்க."

அந்த இட்லியை நினைத்துக்கொண்டே ஒரு முழு நாள் கிடந்தேன்.

வீக்கம் வற்றி வீட்டுக்கு அனுப்பும்போது, உணவு ஆலோசகர் கவிதா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைவிட இளையவள், காதில் சின்ன ஜிமிக்கி. எண்ணெய், நெய், தேங்காய், கறி எதுவும் ஆகாது. கொழுப்பு வந்தால்தான் கணையம் அதிகமாக வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆனால் நான் இளைத்துவிட்டேன், இளைத்த உடம்பைக் கத்திக்குக் கொடுக்க முடியாது. கலோரி என்பது உணவு உடம்புக்குத் தரும் சூடு, அடுப்புக்கு விறகு மாதிரி என்றாள். என் அடுப்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு விறகு வேண்டும் என்று கணக்குப் போட்டாள். கஞ்சி, முட்டையின் வெள்ளை, ஆடை எடுத்த மோர் எல்லாம் சேர்ந்தும் பாதிதான் வந்தது. மீதிப் பாதிக்கு ஒரு பவுடர். புரதமும் மாவுச்சத்தும் கலந்தது, கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். டப்பாவுக்குள்ளேயே ஒரு ஸ்கூப் இருக்கும், ஒரு நாளைக்கு ஆறு ஸ்கூப்.

"குவிச்சுப் போடாதீங்கக்கா. கத்தி வெச்சு மேல வழிச்சிடுங்க. கூடப் போனா வயிறு தாங்காது, கொறைஞ்சா ஒடம்பு எறங்கும். கரெக்டா இருக்கணும்."

கரெக்டா இருப்பது எனக்குப் புதிதல்ல. கேஸ் மூடியதைத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் பூட்டு திறந்திருக்குமோ என்று மறுபடி பார்க்கிறவள். "ஒனக்கு கவிதா மாதிரி ஆளு கெடச்சதுதான் சரி" என்று ஜாகிர் சிரித்தார்.

என் மாமியார் வீட்டிலேயே இடியாப்ப மாவு செய்து கொடுப்பவர். நான் மாமி என்று கூப்பிடுவேன். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மில்லில் அரைத்து வந்து, வறுத்துச் சலிப்பார். நோன்பு மாதத்தில் எங்கள் தெரு முழுக்க மாமியின் மாவுதான். ஒரு குருணை தட்டுப்பட்டாலும் அதைத் தன் மானக்கேடாக நினைப்பார்.

பவுடர் டப்பாவைத் திறந்ததும் மாமியின் முகம் மாறியது. கடற்காற்று அடிக்கும் ஊரில் எந்தப் பொடியும் ஈரம் இழுக்காமல் இருக்காது. மேலே சின்னச் சின்னக் கட்டிகள்.

"இன்னாம்மா இது, இவ்ளோ விலைய வாங்கிகினு கட்டி கட்டியா குடுத்துருக்கான்? புண்ணான வயித்துக்குள்ள இத எப்படி எறக்குவே?"

மாவுக்கு வைத்திருக்கும் மெல்லிய சல்லடையைக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வந்தார். என் கட்டிலிலிருந்து சமையலறை நேராகத் தெரியும். மாமி காலை நீட்டி உட்கார்ந்து, வெள்ளைத் துணி விரித்து, சல்லடையைப் பக்கவாட்டில் தட்டத் தொடங்கினார். டக், டக், டக். ஜன்னல் வெளிச்சத்தில் பவுடர் விழுவதே தெரியவில்லை. வெளிச்சமே கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துத் துணியில் இறங்குவதுபோல் இருந்தது. ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சலித்து முடித்ததும் அது பழைய டப்பாவில் கொள்ளவில்லை. மாமி பெரிய எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தார்.

"பாத்தியா நஸ்ரின், சலிக்க சலிக்க கூடிச்சு. பரக்கத்து!"

பரக்கத் என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் சொல். இருப்பதைக் கொண்டே நிறைய வைக்கும் இறைவனின் கொடை. ஒரு படி அரிசியில் எதிர்பாராத விருந்தாளியும் சாப்பிட்டு எழுந்தால் அது பரக்கத். அந்த டப்பாவின் விலைக்கு அது உண்மையிலேயே வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் தீர வேண்டியது அடுத்த வாரத்துக்கும் வந்தபோது, ஜாகிர் மருந்துக்கடைப் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா கை பட்டா எல்லாம் கூடுது" என்றார். மாமி வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் சந்தோஷப்பட்டேன். எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறவளுக்கு இதை மட்டும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்கூப்பைப் பவுடரில் மென்மையாக முக்கி எடுப்பேன். கத்தியின் முதுகால் வழிப்பேன். விளிம்பில் ஒட்டியிருந்தால் இன்னொரு தரம் வழிப்பேன். மாமி சலித்த பவுடர் தண்ணீரில் போட்டதும் கரைந்துவிடும், தொண்டையில் தெரியாமல் இறங்கும். ஒரு வேளையைக்கூட நான் விட்டதில்லை.

ஆனால் எடை இறங்கியது.

முதலில் எங்கள் வீட்டு எடை மெஷினைச் சந்தேகப்பட்டேன். பிறகு என்னை. கஞ்சியை முழுதாகக் குடித்தேனா, ஆயிஷா பிடுங்கித் தின்றதைக் கழித்தேனா? வளையல் முழங்கை வரை ஏறியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, மாமி கேட்டபோது அரிக்கிறது என்று சொன்னேன்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் என் கணக்கையும் எடையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படாத மனிதர். அன்றும் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க சொல்ற அளவு சாப்பிட்டா இந்நேரம் எடை ஏறியிருக்கணும்மா. ஏறலன்னா, ஒண்ணு அந்த அளவு உள்ள போகல. இல்ல, போனது ஒட்டல. கணையம் சரியா சுரக்கலன்னா அப்படி ஆகும். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"உள்ள வேற எதாவது இருக்கான்னு மறுபடி ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

அந்த வேற எதாவது என்பதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது நான் போனில் தேடி அதற்குப் பெயர் வைத்தேன். ஜாகிர் போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி சேர்த்தார்கள். வருகிற சனிக்கிழமை வரை எடையைப் பார்ப்பது, இறங்கினால் மூக்கு வழியாகக் குடல் வரை மெல்லிய குழாய் வைத்து அதில் உணவு விடுவது, சிடி எடுப்பது, பித்தப்பை ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது. குழாய் வலிக்காது என்று நர்ஸ் சொன்னார். வலியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஆயிஷா என்னைக் குழாயோடு பார்ப்பாளா என்றுதான் கேட்டேன். எத்தனை வாரம் என்று அவருக்கும் தெரியவில்லை.

இந்த முறை பக்கத்துக் கட்டிலில் செல்வி அக்கா இருந்தார். கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர், மார்க்கெட்டில் மீன் விற்பவர். பித்தப்பையை எடுத்துவிட்டுத் தெம்பாக எழுந்து உட்கார்ந்திருந்தார். எடுத்த கற்களைக் குப்பியில் போட்டுக் கொடுத்ததை எல்லோருக்கும் காட்டுவார்.

"பாரு, கொத்தமல்லி வெத மாதிரி. இதுக்காடி நான் அந்தக் கத்து கத்துனேன்!"

நான் ஸ்கூப்பைக் கத்தியால் வழிப்பதை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, தங்கம் அளக்கறியா? ஒன்ன மாதிரி ஆளு மீன் வாங்க வந்தா நான் கூடைய தூக்கிகினு ஓடிடுவேன். மீனப் பாக்காது, தராசையே பாக்கும்."

"கரெக்டா போடணும்னு சொல்லியிருக்காங்கக்கா."

"போடு போடு. காத்துல பறந்துடப் போவுது."

மாமி சலித்துக் கொடுத்த பவுடர் அதே எவர்சில்வர் டப்பாவில் ஆஸ்பத்திரிக்கும் வந்திருந்தது. இப்போது நர்ஸின் கண்ணெதிரேயே குடித்தேன். அளவு சரி என்று அவரும் எழுதிக்கொண்டார். ஆனாலும் எடை இறங்கியது. அப்படியானால் முதல் காரணம் இல்லை. போவது ஒட்டவில்லை, இல்லையென்றால் அந்தப் பெயர்.

சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். மாலையில் ஜாகிர் ஆயிஷாவைக் கூட்டி வந்து, எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் தோளில் உட்கார வைத்துக் காட்டுவார். நான் மாடி ஜன்னலில் நின்று கையாட்டுவேன். அவளுக்கு எது என் ஜன்னல் என்று தெரியாது. எல்லா ஜன்னலுக்கும் கையாட்டுவாள். ஒரு நாள் கீழ்த்தளத்தில் யாரோ ஒரு பெரியவர் அவளுக்குப் பதிலுக்குக் கையாட்டினார். அவள் சந்தோஷமாகிவிட்டாள். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். குழாய் வைத்த பிறகு ஜன்னலுக்கு வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். பிறகு, வராவிட்டால் மட்டும் அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று தோன்றியது. அது இன்னும் வலித்தது.

வியாழக்கிழமை மதியம் மாமியின் டப்பா ஏறக்குறைய காலி. அடியில் ஒரு ஸ்கூப் அளவுதான் இருந்தது. அதைச் சாயங்காலத்துக்கு வைத்துவிட்டு, ஜாகிர் கீழே மருந்துக்கடையில் புது டப்பா வாங்கி, அப்படியே உடைத்து, வழித்து, கலக்கிக் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினேன். கஞ்சி மாதிரி இருந்தது. நாக்கில் கனமாக உட்கார்ந்தது.

"எத்தன போட்டீங்க?"

"ரெண்டுதான்."

"குவிச்சுப் போட்டீங்களா?"

"வழிச்சேன் நஸ்ரின். கத்தி இதோ இருக்கு."

"தண்ணி கொறைச்சலா?"

"அதே டம்ளர், அதே தண்ணி. தோ, செல்வி அக்காவ கேளு."

"வழிச்சாரும்மா, நான் பாத்தேன்" என்றார் செல்வி அக்கா. "புருசன் மேல சந்தேகப்படு, வேணாங்கல. ஸ்கூப் மேல எதுக்கு?"

மிச்சத்தைக் கஷ்டப்பட்டுக் குடித்தேன். வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்ததுபோல் இருந்தது. ஜாகிர் சாப்பிட வீட்டுக்குப் போனார். ஊரெல்லாம் ஷட்டர் இறங்கும் நேரம். வார்டும் தூங்கியது. திரைச்சீலை மூச்சு வாங்குவதுபோல் உப்பி அடங்கியது.

தூக்கமா என்று தெரியவில்லை. நான் என் பழைய வகுப்பில் நின்றிருந்தேன். மேஜைமேல் இரண்டு படி வைத்திருக்கிறேன், ஒன்றில் அரிசி, ஒன்றில் பொரி. எட்டாம் வகுப்புக்கு அடர்த்தியை நான் அப்படித்தான் சொல்லித் தருவேன். படி ஒன்றுதான், இரண்டும் விளிம்பு வரை நிறைந்திருக்கின்றன, எது கனம்? பிள்ளைகள் கத்துகிறார்கள். மேஜைக்குக் கீழே மாமி காலை நீட்டி உட்கார்ந்து சலித்துக்கொண்டிருக்கிறார். டக், டக். வெளிச்சம் கரும்பலகை முழுக்க விழுகிறது. நான் எழுதியது மறைகிறது. மாமி நிமிர்ந்து, "கூடிச்சு பாத்தியா" என்கிறார். வகுப்பே சிரிக்கிறது. ஆயிஷா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் கையாட்டுகிறாள்.

கண்ணைத் திறந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. திரைச்சீலை மட்டும் உப்பி அடங்கியது.

பவுடர் கூடவில்லை. பவுடருக்கு நடுவில் காற்று கூடியிருக்கிறது. நான் இத்தனை நாளாக ஒவ்வொரு ஸ்கூப்பிலும் காற்றை அளந்து, மேலே வழித்துக் குடித்திருக்கிறேன்.

உடனே சந்தேகம் வந்தது. இது மருந்து மயக்கமோ? குழாய்க்குப் பயந்து மனம் கட்டிய கதையோ? சல்லடையால் ஒருத்தி இளைக்க முடியுமா? படுத்துக்கொண்டேன். மறுபடி எழுந்தேன். ஒரு கையில் எவர்சில்வர் டப்பா, ஒரு கையில் புது டப்பாவோடு, சுவரில் தோளைச் சாய்த்துச் சாய்த்துக் கவிதாவின் அறைக்குப் போனேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். "நீங்க எதுக்குக்கா நடந்து வந்தீங்க?"

"இந்த ரெண்டையும் எடை போட்டுப் பாக்கணும் கவிதா. ஒவ்வொரு ஸ்கூப்."

"ஒரே பவுடர்தானே? ஒரு ஸ்கூப்னா முப்பது கிராம். டப்பாவுலயே போட்டிருக்கு."

"தெரியும். ஒரு தடவ."

அலமாரியிலிருந்து சின்னத் தராசை எடுத்தாள். மேலே காகிதத் தட்டை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். தட்டின் கனம் கணக்கில் சேராமலிருக்க அப்படிச் செய்ய வேண்டும். புது டப்பாவிலிருந்து வழித்த ஸ்கூப்: முப்பத்தொன்று. மாமியின் டப்பாவிலிருந்து, நான் எப்போதும் எடுப்பதுபோலவே மென்மையாக எடுத்து வழித்த ஸ்கூப்: இருபது.

அவள் தராசைத் தட்டினாள். மறுபடி போட்டாள். இருபது.

"அக்கா," என்றாள், "இத என்னா பண்ணீங்க?"

"சலிச்சாங்க. எங்க மாமி. கட்டியா இருந்துச்சுன்னு."

கவிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன், வழிச்சுப் போடுங்கன்னு. சலிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா." என் உணவில் பாதி அந்தப் பவுடர், அதில் மூன்றில் ஒரு பங்கு என் வயிற்றுக்கு வரவேயில்லை. நர்ஸ் பார்த்ததும் எழுதியதும் ஸ்கூப்பைத்தான்.

டாக்டர் கேட்டுவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "சல்லடையா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இதுதான் காரணம்னா எடை சொல்லிடும். சனிக்கிழமைய அடுத்த சனிக்கிழமையா வெச்சுக்குவோம். இனிமே ஸ்கூப் வேணாம், கிராம்ல போடுங்க. அப்பவும் எறங்குச்சுன்னா சிடி, குழாய். சரியா?" என்றார்.

சரி என்றேன். சரியில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பெயர் என் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சல்லடையும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம்.

ஜாகிர் தராசு வாங்கி வந்தார். தட்டை வைத்து, பூஜ்யமாக்கி, கிராமில் போட்டுக் கொடுத்தார். கனமான, கட்டி தட்டிய பானம். கட்டியை நாக்கால் நசுக்கி விழுங்கினேன்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார் ஒரு நாள், தராசைத் துடைத்தபடி.

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

"நீ சொல்லமாட்டே. ஒன் மொகம் சொல்லிடும்."

முகம் சொல்லவில்லை, செல்வி அக்காவின் வாய் சொல்லியது. அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் அன்று, மாமி எனக்குக் கஞ்சியோடு உள்ளே வந்தார். செல்வி அக்கா பையைத் தூக்கிக்கொண்டே, "நீங்கதான் சல்லடைக்கார மாமியா? நல்லா சலிச்சீங்க போங்க, பொண்ணையே சலிச்சி எறக்கிட்டீங்க!" என்று சிரித்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் மனதில் ஒன்றுமில்லை.

மாமி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எவ்வளவு சின்னதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சின்னதாக. மாமி கஞ்சித் தூக்கைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நானா ஒன்ன பட்டினி போட்டேன்?"

"இல்ல மாமி. நான்தானே அளந்தேன்."

"பரக்கத்துன்னு சொன்னேனே. ஊரெல்லாம் சொன்னேனே." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கட்டி தொண்டையில சிக்கும்னுதாம்மா..."

"தெரியும் மாமி. நீங்க சலிச்சது மாதிரி எதுவும் எறங்கல. இப்ப ஒவ்வொரு வாய்க்கும் அழுகை வருது."

அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை, உண்மை. மாமி தூக்கைத் திறந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றினார். பிறகு கேட்டார்:

"எடை போட்டப்புறம் சலிச்சா ஆகாதா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்து, சந்தேகம் வந்து நிறுத்தினேன். கவிதாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். தாராளமாகச் சலிக்கலாம். எடை போட்ட பிறகு எப்படி வேண்டுமானாலும் சலிக்கலாம், தட்டில் கொட்டியது முழுக்க டம்ளருக்கு வந்தால் போதும்.

சனிக்கிழமை என்னை எடை மெஷினில் ஏற்றினார்கள். செருப்பைக் கழற்றினேன். கழற்றியது தப்போ, போன தடவை போட்டிருந்தேனோ என்று நினைத்தேன். எண் ஓடி நின்றது. நர்ஸ் என்னை இறங்கி ஏறச் சொன்னார். மறுபடியும் அதே எண். கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது எழுந்து போன சத்தம் எனக்குக் கேட்டது. அன்று மாலை பூவரச மரத்தடியில் ஆயிஷா எல்லா ஜன்னல்களுக்கும் கையாட்டியபோது, எல்லா ஜன்னல்களுக்காகவும் நான் பதிலுக்குக் கையாட்டினேன்.

பித்தப்பையைப் பிறகு எடுத்தார்கள். அது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மயக்கம் தெளிந்து, வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகளோடு வீட்டுக்கு வந்தேன். என் கற்களையும் குப்பியில் கொடுத்தார்கள். ஆயிஷா அதைக் கிலுகிலுப்பையாக ஆக்கிக்கொண்டதால் பிடுங்கி ஒளித்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். சமையலறையில் அதே வெளிச்சம். மாமி தராசை முன்னால் வைத்து, தட்டை வைத்து, எண் பூஜ்யமானதை ஆயிஷாவுக்கும் காட்டினார். ஸ்பூனால் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எண்ணைப் பார்த்து, ஒரு கிள்ளு எடுத்து, மறுபடி பார்த்து. பிறகு அதைச் சல்லடையில் கொட்டி, அந்தத் தட்டுக்கு மேலேயே தட்டினார். டக், டக், டக். கட்டிகளை விரலால் மெதுவாகத் தேய்த்து இறக்கினார். தட்டில் வெள்ளைக் குவியல் எழும்பியது, முன்னைவிடப் பெரிதாக.

மாமி அதைப் பார்த்தார். சொல்ல வந்த வார்த்தையை உதட்டிலேயே நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு தட்டைத் தூக்கி மறுபடி தராசில் வைத்து, குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"கூடலையே," என்றார்.

"கொறையவும் இல்லல்ல, மாமி?"

மாமி இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். தட்டை டம்ளருக்கு மேல் சாய்த்து, விளிம்பில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டுக் கலக்கி, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். தொண்டையில் எதுவும் சிக்கவில்லை.